ஆறப்போட்ட தையல்

தையலை ஒரு ராத்திரி ஆறப்போட்டால் அது தானாக நேராகிவிடும் என்று ஒரு மனிதர் இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

ஆள் ஒன்றும் அசடு இல்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு தடவைகூட எங்கேயும் உரசியதில்லை, ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் தெருவில் யாரும் அவரைப் பஸ்ஸை வைத்துச் சொல்வதில்லை. 'போர்வை டிரைவர் வீடு எது?' என்று கேட்டால்தான் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள்.

ஏனென்றால் அவர் ஒட்டுப் போர்வை தைப்பார். பழைய சேலை, சட்டை, தன்னுடைய காக்கிச் சீருடை, எது கிடைத்தாலும் அரைச் சாண் சதுரமாக வெட்டுவார். சதுரத்தோடு சதுரம் சேர்த்து ஒரு வரிசை, வரிசையோடு வரிசை சேர்த்து ஒரு விரிப்பு. அடியில் ஒரு முழுத் துணி, நடுவில் பழைய கம்பளி வைத்து, மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால் போர்வை தயார். சொந்தக்காரர்களில் அவர் போர்வை இல்லாத வீடே கிடையாது. வாங்கிப்போகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "தையலைப் பாரு, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி."

அந்தக் கோட்டைப் போட்டது நான். அது அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

எனக்குத் தைக்க வராது என்பது எங்கள் குடும்பத்தில் ஊரறிந்த விஷயம். அந்த ஊரை நம்பவைத்ததும் நான்தான். பதினாலு வயதிலிருந்து தைத்தவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெருமையில்தான் அம்மா எனக்கு ஒரு தையல் மெஷினை வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். மெஷின் வந்து இறங்கிய நாலாம் நாள், என் மாமியார் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். தலையணை உறை எட்டு, கதவுத் திரை நாலு, மாமனாரின் கிழிந்த வேட்டி, நாத்தனாரின் பாவாடை, இன்னும் என்னென்னவோ. மூட்டையைப் பார்த்தேன். இன்று இந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"எனக்குத் தைக்க வராதுங்க அத்தை. அம்மா சும்மா அழகுக்கு வாங்கிக் குடுத்தாங்க" என்றேன்.

நாத்தனாருக்கு அப்போது பதினாறு வயது. வாய் மட்டும் அறுபது. ஊசியையும் நூலையும் கொண்டுவந்து, கோத்துக் காட்டு பார்ப்போம் என்று நீட்டினாள். நான் ஊசியின் கூர்முனைப் பக்கம் நூலைக் கொண்டுபோய்க் குத்திக் குத்திப் பார்த்து, துளையே இல்லையே என்று திருதிருவென்று முழித்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் பெருமூச்சு விட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனார். தப்பித்தேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பொய் சொல்வது சுலபம், அதைக் கட்டிக் காப்பாற்றுவதுதான் பாடு. பதினாலு வருஷம் அந்த மெஷின் ரேடியோ வைக்கிற மேசையாக நின்றது. அதைத் துடைக்கும்போதெல்லாம் கை பரபரக்கும், கால் தானாக மிதியைத் தேடும். பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்துவிட்டுப் போவேன். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாத்தனார் இருந்தாளே. அவள் ஒருத்தி போதும், நாலு தலைமுறைக்குச் சொல்லிக்காட்ட.

பிறகு ஒரு வார லீவு நாளில் என் வீட்டுக்காரர் ரேடியோவைத் தூக்கிக் கீழே வைத்தார். "ஒரு வண்டி இப்படிச் சும்மா நிக்கக் கூடாது" என்றார். எண்ணெய் விட்டார், பெல்ட் மாற்றினார். டிப்போவில் உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டினார். பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் அவரால் எங்கேயும் உட்கார முடியாதாம். அந்தக் கண்ணாடியில் வாசல் கதவும் அதைத் தாண்டி வெளி கேட்டும் தெரியும். ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, "ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதித்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த 'ரைட்' இல்லாமல் மெஷின் கிளம்பியதில்லை.

கிளம்பும், ஆனால் நேராகப் போகாது. அவருடைய தையல் ஒழுங்காக ஆரம்பித்து, போகப் போக இடது பக்கம் ஒதுங்கும், அங்கே ஏதோ ஸ்டாப் வந்த மாதிரி. முதல் போர்வையின் முதல் வரிசையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் டியூட்டிக்குப் போனதும் கதவைச் சாத்தினேன். தையலைப் பிரித்தேன். பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரியும். நகத்தால் நீவி, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மறைந்துவிடும். மறுபடி நேராகத் தைத்து, மடிப்புக் கலையாமல் இருந்த இடத்தில் வைத்தேன்.

மறுநாள் அவர் அதை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் முகமெல்லாம் பூரித்து, "நேத்து கோணலா இருந்துச்சு. ஒரு ராத்திரி கிடந்ததும் துணி படிஞ்சு நேராயிடுச்சு பாத்தியா?" என்றார். நான் பார்த்தேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

இந்தக் கண்டுபிடிப்பை அவர் டிப்போ முழுக்கப் பரப்பினார். ஒரு கண்டக்டரின் மனைவி அதை நம்பி ஒரு வாரம் ஆறப்போட்டுப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லி அனுப்பினாள். "உங்க வீட்டுத் துணி சரியில்ல" என்று பதில் போயிற்று. எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்திருந்தபோது வீட்டிலும் தையல் நேராகவில்லை. ஈரக் காற்று, அதனால் ஆறவில்லை என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அதனால் அவர் தையலைப் பிரிப்பதே இல்லை. பிரிக்கிற கத்தியை வாங்கவும் இல்லை. பஸ்ஸை ரிவர்ஸ் எடுப்பது டிப்போவுக்குள் மட்டும்தான், ரோட்டில் எடுக்கக் கூடாது என்பார்.

அந்தக் கத்தி என்னிடம் இருந்தது. பருப்பு டப்பாவுக்குப் பின்னால்.

ஓய்வு பெற்ற பிறகு என் நேரம் சுருங்கிப்போனது. காலையெல்லாம் அவர் தைப்பார். சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய டிரைவர்களோடு பூங்காவில் உட்காரப் போவார், ஆறு மணிக்குத் திரும்புவார். அந்த இரண்டு மணி நேரம் என்னுடையது. டீயைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி உட்கார்வேன். ஒரு கண் துணியில், ஒரு கண் கண்ணாடியில். அவர் மாட்டிய கண்ணாடியே எனக்குக் காவல். கேட் தெரிந்தால் போதும், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் அடுப்படியில் இருப்பேன். மற்றவர்கள் கண்ணுக்கு நான் அவர் தப்பைத் திருத்தினேன் என்று தோன்றலாம். உண்மையைச் சொல்கிறேன், அவருக்காக நான் ஒரு தையலும் போடவில்லை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும், கைக்கு அடியில் துணி ஓடுவது வேண்டும். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் நாத்தனார் ஒரு பெரிய கட்டில் வாங்கினாள். அதற்கு ஒரு பெரிய போர்வை வேண்டும் என்று பழைய சேலைகளைக் கட்டிக் கொண்டுவந்து அண்ணனிடம் போட்டாள். ஒரு நாள் காலையில் அவர் இரண்டு வரிசை தைத்துவிட்டுச் சாயங்காலம் வழக்கம்போலக் கிளம்பினார். ஒரு வரிசையை நாற்காலியில் விட்டுவிட்டு இன்னொன்றை நான் மெஷினில் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அடியில் இன்னும் பிரிக்காத தையல் நாலு இருப்பதைப் பார்த்தேன். துணியை எடுக்கச் சோம்பேறித்தனம். ஊசிக்கு அடியிலேயே கத்தியை நுழைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் கேட்டைப் பார்த்தேன், யாரும் இல்லை.

மனிதர் காலெல்லாம் சேற்றோடு பின்வாசல் வழியாக வந்தார். முதுகுக்குப் பின்னால் கதவுச் சத்தம் கேட்டதும் பதறிப்போய்க் காலை அழுத்திவிட்டேன். டக்கென்று ஒரு சத்தம். மெஷின் அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த கத்தியைப் பார்த்தால் நுனியைக் காணவில்லை. துணியை உருவிக் கத்தியோடு சேலை மூட்டைக்குள் திணித்தேன்.

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். தூசி தட்டுகிறேன் என்றேன். கையில் முந்தானை இருந்தது, அதனால் அதை வைத்தே தட்டினேன்.

மறுநாள் காலையில் அவர் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, "ரைட்" என்றார். மெஷின் அசையவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நேத்து நான்தான் ரொம்ப அழுத்திட்டேன்போல" என்றார். திட்டு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி ஒரு குரல். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "பழைய மெஷின்தானே, இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மெஷினின் தலையை மட்டும் கழற்றிப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் எடுத்துப்போனோம். வழியெல்லாம் பள்ளம் பார்த்துப் போகச் சொல்லி ஆட்டோக்காரரின் உயிரை எடுத்தார். மெக்கானிக் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அலமாரி முழுக்க மெஷின் தலைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. சீட்டில் சொந்தக்காரரின் பெயர் கிடையாது, நோய்தான் எழுதியிருக்கும். 'நூல் அறுக்கிறது.' 'கத்துகிறது.' ஒன்றில் 'மாமியார் கொடுத்தது' என்று மட்டும் இருந்தது.

மெக்கானிக் மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். வாயைத் திறக்க யோசிக்கிற ஆள். மெஷினைக் கவிழ்த்தார், அடித் தகட்டைக் கழற்றினார், சின்னக் கிடுக்கியை உள்ளே விட்டு எதையோ இழுத்தார். வெளியே வந்தது என் கத்தியின் நுனி. வெளிச்சத்தில் மின்னியது.

"தையல் பிரிக்கிற கத்தி வச்சிருக்கீங்களா?" என்று அவரிடம் கேட்டார் மெக்கானிக்.

"நான் பிரிக்கிறதே இல்லைங்களே" என்று என் வீட்டுக்காரர் உற்சாகமாக ஆரம்பித்தார். துணி எப்படி ராத்திரியில் படியும், எந்தத் துணிக்கு எத்தனை மணி நேரம் வேண்டும், ஈரக் காற்று அடித்தால் என்ன ஆகும் என்று இருபது வருஷ ஆராய்ச்சியை அந்த மாடிப்படிக்கு அடியில் அவிழ்த்துவிட்டார். மெக்கானிக் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். மெக்கானிக் அந்த நுனியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடி நூலைக் கோக்கிற ஷட்டில் உடைந்திருக்கிறது, புதிது வரவேண்டும், பன்னிரண்டு நாள் ஆகும் என்றார். ஒரு சீட்டு எழுதி மெஷினின் கழுத்தில் கட்டினார். திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். 'ஆறப்போடுகிறவர்' என்று எழுதியிருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் வீடு வீடாக இல்லை. மெஷின் இருந்த இடத்தில் மேசையில் ஒரு ஓட்டை. அவர் பூங்காவுக்கும் போகவில்லை. தினமும் காலையில் நாற்காலியில் கிடந்த அந்த இன்னொரு வரிசையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். இரும்பு ஸ்கேலை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். மறுபடி மடித்து நாற்காலியிலேயே வைப்பார். பாவம், மெஷின் ஞாபகத்தில் ஏங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

நடுவில் நாத்தனார் வந்து போர்வை எங்கே என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் என் பக்கம் திரும்பி, "அண்ணிக்குத் தைக்கத் தெரிஞ்சிருந்தாலாவது கையால கொஞ்சம் தச்சு வச்சிருப்பாங்க. ஊசியில நூல் எந்தப் பக்கம் போகும்னே தெரியாதவங்க" என்று ஆரம்பித்தாள். அந்தக் கதையை அவள் வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்வாள். வழக்கமாகக் கூடச் சிரிக்கிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அவளை ஏன் இழுக்கிற?" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு என் கைகளையே பார்த்தார். எனக்கு என்னவோபோல் இருந்தது, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மெக்கானிக்கிடம் போனேன். என்னை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவர் மாதிரி ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். சட்டைப் பையிலிருந்து நுனியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு காகிதத்தைப் பிரித்தார். மெஷினுக்குள்ளிருந்து வழித்தெடுத்த பஞ்சு. அதில் பொடிப்பொடியாக, பிரித்த நூல்.

"ஒரே வண்டியை ரெண்டு டிரைவர் ஓட்டியிருக்காங்க" என்றார்.

பிறகு துணியை அமுக்கிப் பிடிக்கிற காலைக் கழற்றிக் காட்டினார். அது ஒரு பக்கம் வளைந்திருந்தது. எந்தக் காலத்து வளைவோ. நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. சும்மா விட்டால் இந்த மெஷின் துணியை இடது பக்கம்தான் கொண்டுபோகும், நேராகத் தைக்க வேண்டுமானால் வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று விளக்கினார். ஒருத்தர் இழுத்திருக்கிறார், ஒருத்தர் இழுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். முப்பத்தொரு வருஷம் நேராக ஓட்டிய மனிதரின் கையில் கோளாறே இல்லை. இருபது வருஷமாக அவர் தையலைப் பார்த்து நான் உடம்பு கூசியதெல்லாம் வீண்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றேன்.

"நான் மெஷினைத்தான் ரிப்பேர் பண்றேன்மா. குடும்பத்தை இல்ல."

எழுந்தேன். வாசல்வரை போனேன். அங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது. வளைவை எடுத்துவிட்டால் அவர் தையல் நேராகிவிடும். நேராகிவிட்டால் நாலு மணிக்கு நான் பிரிக்க என்ன இருக்கும்? தைக்க வராதவள் எந்தச் சாக்கில் அந்த ஸ்டூலில் ஏறுவாள்? திரும்பி வந்தேன். மானத்தை விட்டுக் கேட்டேன்.

"அந்தக் காலை மட்டும் வளைஞ்சபடியே விட்டுடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஜென்மத்தில் யாரும் அவரிடம் அப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார்கள். "கோளாறை உள்ள வச்சு மூடிக் குடுத்தா அதுக்கு ரிப்பேர்னு பேரா?" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான். நான் காய்கறிகூட வாங்காமல் வெறும் பையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

பதின்மூன்றாம் நாள் மெஷின் மேசையில் ஏறியது. துணியை இடது பக்கம் இழுத்த காலையும் மெக்கானிக் நிமிர்த்திவிட்டாராம், வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவர் கண்ணாடியைத் துடைத்து, "ரைட்" என்று சொல்லி, ஒரு முழு வரிசையை ஓட்டினார். எடுத்துப் பார்த்தார். கோடு போட்ட மாதிரி இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டி, ஆறப்போடாமலே நேராக இருக்கிறது என்றார். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலே ஒரு கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஒரு வாரமும் இதே கதை. நாலு மணிக்கு அவர் போவார். நான் துணியை விரித்துப் பார்ப்பேன், ஒரு இழை தப்பு இருக்காது. ஐந்தாம் நாள் பொறுக்காமல் ஒரு கிழிசல் துணியை எடுத்து உட்கார்ந்தேன். சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று. ஓட்டினேன். என் தையல் வலது பக்கம் ஓடியது. மறுபடி ஓட்டினேன், மறுபடியும் ஓடியது. இருபது வருஷம் இழுத்துப் பழகிய கை, இழுக்காதே என்றால் கேட்குமா? பதினாலு வயதிலிருந்து தைத்தவள் நான். என் தையலைப் பார்த்து எனக்கே கூசியது. அந்தத் துணியைச் சுருட்டிப் பழைய துணி மூட்டைக்கு அடியில் திணித்துவிட்டு, அன்று ராத்திரி முழுக்க அவரிடம் எரிந்து விழுந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கடைசி வரிசை கொஞ்சம் கோணிடுச்சு. ஆறப்போட்டிருக்கேன்."

ரிப்பேர் ஆன மெஷினில் எப்படிக் கோணும் என்று நினைத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். அது கோணல் இல்லை. மலைப் பாதை. இடது பக்கம் ஒரு வளைவு, வலது பக்கம் ஒரு வளைவு, நடுவில் ஒரு முழு வட்டம். குடித்துவிட்டு ஓட்டினாலும் அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்து யோசித்துத்தான் தைக்க வேண்டும். துணிக்குப் பக்கத்தில், மெஷின் தகட்டின்மேல், சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு புதுக் கத்தி இருந்தது. தையல் பிரிக்கிற கத்தி.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால், அவர் போகவில்லை. கேட்டுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. எழுந்து அடுப்படிக்குப் போனால் முப்பத்துநாலு வருஷப் பொய் பத்திரமாக இருக்கும். அவரும் ஒன்றும் கேட்க மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். கத்தியைப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். போதும்டா சாமி என்று கத்தியை எடுத்தேன்.

பிரித்தேன். நீவினேன். துணியைக் கொடுத்து மிதித்தேன். பாழாய்ப்போன கை மறுபடியும் வலது பக்கம் இழுத்தது. பாதி வரிசை போயிருக்கும், அவர் பின்னால் வந்து நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. நான் திரும்பவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்து துணியே தெரியவில்லை.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மெஷின் கடையில கிடந்தப்பதான். பன்னெண்டு நாள் ஆறப்போட்டேன். ஒரு நூல்கூட நகரல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, தங்கையிடம் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டேன். என்னத்தைச் சொல்ல, ஆறப்போடுறதைக் கண்டுபிடிச்சவன் நான்தானே, என் மானம் போகாதா என்றார். பிறகு என் தோளுக்கு மேலே குனிந்து துணியைப் பார்த்தார்.

"வலப்பக்கம் இழுக்காத. முன்னாடி அது இழுத்துச்சு, நீ திருப்பி இழுத்த. இப்ப அது தானாவே நேரா போகுது. கையை லூசா விடு."

கையை லூசாக விட்டேன். அவர் ரைட் என்றார்.

அந்த வரிசையை மறுபடி பிரித்துத் தைக்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். விடவே இல்லை. பாதி கோணலும் பாதி நேருமாக அதை அப்படியே போர்வையின் நடுவில் வைத்துத் தைத்தார். நாத்தனார் வாங்கிப்போய்க் கட்டிலில் விரித்த அன்றே போன் செய்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும் வலது பக்கம் ஓடுகிறதே என்றாள்.

"ஒண்ணும் பண்ணாத. ஒரு ராத்திரி ஆறப்போடு" என்றார் அண்ணன்.

இரண்டு மாதம் ஆகிறது. நாங்கள் இப்போது காலையில் அவர், சாயங்காலம் நான் என்று ஓட்டுகிறோம். நாத்தனார் இன்னும் ஆறப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.